பல்செட்டுக்காரர் தொடாத தட்டு

அந்தச் சபைக்கு ஒருவரைப் பற்றிப் பேசக் காரணமே வேண்டியதில்லை. பல்செட்டுக்காரரோ காரணத்தையும் கையில் கொடுத்திருந்தார். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். ஆராதனைக்கு ஒரு வாரமும் தவறமாட்டார். ஆனால் திருவிருந்து நாளில் அப்பத்தட்டு வந்தால் தொடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். போதாதா? சபை அதற்குக் கண் காது மூக்கு வைத்தது. எங்கோ இன்னொரு குடும்பம் இருக்கிறதாம். அதை முதலில் கிளப்பியவர் தட்டு ஏந்திவரும் மூப்பர்தான்.

உண்மைக் காரணம் அவ்வளவு ருசியானதல்ல. பல்செட்டுக்காரருக்கு மனுஷர்களைக் கண்டாலே இளக்காரம். வாரம் முழுக்க அடுத்தவர் வாயின் அச்சை வைத்து மெழுகு சுரண்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வாய்கள்தான் தெரிந்தன. பாடகர் குழு அம்மாளுக்குப் பாட்டைவிட ஈறுதான் அதிகம் வெளியே வரும். சாட்சி சொல்கிறேன் என்று எழுந்து எல்லோர் உயிரையும் வாங்கும் கான்ட்ராக்டருக்குக் கடைவாய் முழுக்கச் சொத்தை. நல்லவேளை, பீற்றிக்கொள்ளப் பல் தேவையில்லை. மூப்பரோ இவர் செய்த பல்லைப் போட்டுக்கொண்டே இவரை மென்றார்.

அன்பைப் பற்றிப் போதகர் உருகும்போது இவருக்குள் ஏளனம் பொங்கும். அடுத்த நிமிஷம் அது இவர் பக்கமே திரும்பும். ஒருத்தரையும் நேசிக்கத் துப்பில்லை, உனக்கு அப்பம் ஒரு கேடா என்று கேட்கும். தட்டைத் தள்ளிவிடுவார்.

"ஊர்ல எல்லாரையும் மன்னிக்கிற ஆண்டவரு உங்ககிட்ட வந்து மட்டும் முழிக்கிறாரா? அப்படி என்னங்க பெரிய ஆளு நீங்க?" என்றாள் மனைவி ஒருநாள். தாழ்மை என்று பெயர் வைத்து அவர் வளர்த்துவந்ததும் ஒரு தலைக்கனம்தான் என்பது அவருக்கே அரசல்புரசலாகத் தெரியும்.

மூப்பர் படுக்கையில் விழுந்தார். உடம்பு வற்றியதில் தாடை சுருங்கி, பழைய பல்செட் வாயில் நிற்காமல் போனது. அவர் வந்தால் எழுந்து நின்ற சபை, ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகச் சொல்லி வேலையை முடித்துக்கொண்டது. பல்செட்டுக்காரர் போனார். அன்பால் அல்ல, வேடிக்கை பார்க்க.

மருமகள் கதவைத் திறந்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளறையில் பாலில் ஊறிய ரொட்டி ஆறிக் கிடந்தது. மூப்பர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"சிரிச்சிட்டுப் போகலாம்னு வந்தியா?"

"ஆமாண்ணே."

மூப்பர் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். துண்டுக்கு மேலே தெரிந்த கண்களைப் பல்செட்டுக்காரர் பார்த்தார். யாரும் என்னை இந்தக் கோலத்தில் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். இத்தனை வருஷமாகத் தன்னைத் தட்டைத் தள்ளவைத்ததும் இதே பயம்தான். இந்தக் கிழவருக்குத் தகுதி பார்த்தால் ஒரு பல்கூடக் கொடுக்க முடியாது. ஆண்டவரும் தகுதி பார்த்துத்தான் கொடுப்பார் என்றால் எனக்கு மட்டும் எதைக் கொடுத்திருப்பார்? வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு மனுஷனைப் பார்த்து இளக்காரம் வரவில்லை.

"துண்டை எடுங்கண்ணே. அச்செடுக்கணும்."

"எந்தப் பாவத்தைக் கழுவ இதெல்லாம்?"

"பேசாம வாயைத் திறங்க."

புதுப் பல் கச்சிதமாக உட்கார்ந்தது. மூப்பர் ஒரு நன்றி சொல்லவில்லை. கடித்துப் பார்த்து, முன்பல் நீளம் என்று குறைதான் சொன்னார். பல்செட்டுக்காரர் முணுமுணுக்காமல் ராவிக் கொடுத்தார். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூப்பருக்குத் திருவிருந்து கொடுக்கப் போதகர் வீட்டுக்கு வந்த அன்று பல்செட்டுக்காரரும் அங்கே இருந்தார். போதகர் தட்டை இவர் பக்கம் நீட்டியதும் மூப்பர் கையை ஆட்டினார்.

"அவன் எடுக்கமாட்டான் ஐயரே, தட்டை இங்க கொண்டாங்க."

"இன்னிக்கு எடுக்குறேண்ணே."

"ஓஹோ. தகுதி வந்துருச்சோ?" மூப்பர் புதுப் பல் அத்தனையும் தெரிய இளித்தார்.

"இல்லண்ணே. உங்களுக்குந்தான் வரல" என்று சொல்லிவிட்டுப் பல்செட்டுக்காரர் அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.