காலுக்கு ஒரு மெத்தை

போன வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போயிருந்தேன். வலது பக்கக் கடைவாய்ப் பல். மூன்று நாளாக இட்லியைக்கூட இடது பக்கமாகவே தின்றுகொண்டிருந்தேன்.

நாற்காலியில் சாய்ந்தேன். வாயைத் திறந்தேன். டாக்டர் விளக்கைப் போட்டுக் குனிந்தார். அவர் பார்வை என் வாயைத் தாண்டி நேராகக் கீழே போனது.

"போலியோவா சார்?"

"ஆமா டாக்டர்."

"எப்பலேர்ந்து?"

"கால் ரெண்டு வயசுலேர்ந்து. பல்லு திங்கக்கிழமைலேர்ந்து."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு பக்கமா வெயிட் போட்டு நடக்கிறீங்கல்ல... அது தாடை வரைக்கும் இழுக்கும் சார்" என்றார். நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சிரித்ததில் கருவி ஒன்று கீழே விழுந்தது. கடைசியில் பல்லைப் பிடுங்கிவிட்டார். நல்லவேளை, சரியான பல்லைத்தான்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் வலது கால் பழக்கம். தொடை வரைக்கும் இரும்புக் காலிபர். நான் ஓர் இடத்துக்குப் போவதற்குள் அதன் சத்தம் முன்னால் போய்விடும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் புகார் வேறு. எனக்கு ஜலதோஷம் பிடித்தாலும் ஊருக்குக் கால்தான் ஞாபகம் வருகிறது! பேங்க்கில் ஒருமுறை தும்மினேன் — கேஷியர் எழுந்து ஓடிவந்து சேர் போட்டார்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு நோய்தான் சாங்ஷன் ஆகியிருக்கிறது போல. அதற்கு மேல் கேட்டால்... பேராசை.

இந்தப் பேனா சோறு போட ஆரம்பிப்பதற்கு முன்னால், தெற்குமாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் எனக்கு மைக் வேலை. கடைக்குள் மரப்படி பதினாலு ஏறினால் ஒரு மச்சு. அங்கே உட்கார்ந்து, தெருவில் போகிற ஜனத்தைக் கடைக்குள் இழுக்க வேண்டும். "வாங்கம்மா வாங்க! சுங்குடி பாருங்க, சின்னாளப்பட்டி பாருங்க!"

அதற்கு முன் பதினோரு இடத்தில் என் காலைப் பார்த்துவிட்டுச் 'சொல்லியனுப்புறோம்' என்றார்கள். பன்னிரண்டாவது இடத்துக்குப் புத்தி வந்து முதலில் போன் செய்தேன். முதலாளி பத்மநாபன் — வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ் — குரலைக் கேட்டதுமே நாளைக்கே வா என்றார். மறுநாள் நேரில் பார்த்ததும் கொஞ்சம் இழுத்தார்.

"படி ஏறுவியாப்பா?"

ஏறிக் காட்டினேன்.

"சரி. ஆனா லீவு மட்டும் கேக்காத. ஒங்களமாதிரி ஆளுங்களுக்கு அடிக்கடி ஒடம்புக்கு வரும்னு மச்சான் சொல்றாரு."

அந்த மச்சானுக்குக் கையும் கால்களும் கச்சிதம். மூலத் தொந்தரவு என்று மாதத்தில் ஒரு வாரம் கடைப் பக்கமே வரமாட்டார். அவரைப் பார்த்து 'இவங்களமாதிரி ஆளுங்க' என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அதே கடையில் என்னைப் போலவே கால் ஊனமான தையல்காரர் ஒருவர் இருந்தார். மஞ்சள்காமாலைக்குப் பதினைந்து நாள் படுத்தார். திரும்பி வந்தபோது மெஷினில் வேறு ஆள்.

அதற்கப்புறம் எனக்கு எப்படி லீவு கேட்க வாய் வரும்? மூன்று வருஷம்... காய்ச்சலோடு ஏறியிருக்கிறேன், வயிற்றுப்போக்கோடு ஏறியிருக்கிறேன். (பதினாலு படி. யோசித்துப் பாருங்கள்!)

நான்காவது ஆடித் தள்ளுபடி வந்தது. கூடவே என் குரல் போனது. 'வாங்கம்மா' என்றால் விசில்தான் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் சின்ன முடிச்சு என்றார். பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மீறினால் குரல் மொத்தமாகப் போய்விடும் என்றார்.

ஆடி மாதத்தில் மைக்குக்காரனுக்குப் பத்து நாள் மௌன விரதம்! தையல்காரரின் மெஷின் கண்முன் வந்து நின்றது. வீட்டில் உட்கார்ந்து அழாத குறை. அப்போதுதான் என் மனைவி செல்விக்கு அந்த யோசனை உதித்தது. திருமங்கலத்துக்காரி, யோசனைக்குப் பஞ்சமில்லை.

"ஏங்க, கால் வலின்னு சொல்லிருவோம். காலுன்னா ஒரு பய மறுகேள்வி கேக்க மாட்டான்."

அவளே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். முதலாளி துடித்துப் போனாராம். "மூணு வருசமா அந்தப் படிய ஏறுனா வலிக்காம என்ன செய்யும்? நான் பாத்துக்கிறேம்மா" என்றாராம். ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்குச் செல்வி பாயசம் வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி. ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் சந்து முனையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர். உள்ளே ஆம்ப்ளிபயர், மைக், அதன் பக்கத்தில்... புத்தம்புது இலவம்பஞ்சு மெத்தை!

டிரைவர் பாண்டி இறங்கி வந்தான். "அண்ணே, மொதலாளி மெத்த போட்டு அனுப்பிருக்காரு. நீங்க படியே ஏற வேணாமாம். கால நீட்டிப் படுத்துக்கிட்டே பேசுங்க. இன்னைக்கு அலங்காநல்லூரு, நாளைக்குத் திருமங்கலம், அப்புறம் கொட்டாம்பட்டி. அக்கா, காலு அமுக்கிவிட நீங்களும் வரணுமாம்."

சந்தே கூடி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. இப்படி ஒரு முதலாளியா! எனக்கும் கண்ணீர்தான், காரணம் வேறு. மச்சில் ஏழு மணி நேரம் பேசினேன். இனி பன்னிரண்டு மணி நேரம்.

அலங்காநல்லூர் பஸ் ஸ்டாப். பாண்டி பாட்டை நிறுத்தினான். "கூட்டம் சேந்துருச்சுண்ணே. விடுங்க மைக்குல."

பேசினால் குரல் போகும். பேசாவிட்டால் சாயங்காலத்துக்குள் விஷயம் முதலாளி காதுக்குப் போகும். எதற்கும் துணிந்து வாயைத் திறந்தேன். செல்வி மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"அலோ... இது பேசுதா?"

"பேசுதுக்கா!" என்றது கூட்டம்.

"ஆடித் தள்ளுபடி போட்டுருக்காக. சுங்குடிச் சேல நல்லாருக்கு, நானே ரெண்டு வச்சிருக்கேன். மொதத் தண்ணில சாயம் கொஞ்சம் போகும், பொய் சொல்ல மாட்டேன். கல்லுப்பப் போட்டு ஊற வச்சீகன்னா அப்புறம் போகாது."

எனக்கு உயிரே போய்விட்டது. சாயம் என்ற வார்த்தையையே மூன்று வருஷத்தில் நான் மைக்கில் சொன்னதில்லை.

"சிந்தடிக் எப்படிக்கா?" ஒரு பெண் கேட்டாள்.

"அத வாங்காதீக. வேர்த்து ஊத்தும்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதையும் மைக்கிலேயே சொன்னாள். "இந்தா, எங்க வீட்டுக்காரரு சொல்லாதன்னு கையப் பிடிச்சு இழுக்காரு!" பஸ் ஸ்டாப்பே அதிர்ந்தது. பாண்டி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்; முதலாளியிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தான்.

மறுநாள் திருமங்கலத்தில் சொந்தக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "பெரியம்மா, அடுப்ப அணைச்சுட்டு வெரசா வாங்க!" கொட்டாம்பட்டியில் ஒரு கிழவர் மைக்கை வாங்கி, தன் வேட்டி எத்தனை வருஷம் உழைத்தது என்று சாட்சியே சொன்னார். நான் மெத்தையில் காலை நீட்டி, வாயை மூடி, ராஜா மாதிரி ஊர்வலம் போனேன்.

நான்காம் நாள் ஆட்டோ வரவில்லை. முதலாளியே ஸ்கூட்டரில் வந்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

"கடைல நிக்க எடமில்ல. வர்ற பொம்பளைக பூராம் 'உப்புல ஊற வைக்கிற சேல எங்க'ன்னு கேக்குதுக. சிந்தடிக் பக்கம் ஈ காக்கா இல்ல! மைக்குல யாரும்மா பேசுனது?"

"நான்தான் மொதலாளி. இவுகளுக்குக் கால் வலியெல்லாம் இல்ல. தொண்டைல முடிச்சு. பேசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

செல்வி யோசிக்கவே இல்லை.

"தொண்டைன்னு சொன்னா வேற ஆளு பாப்பீக. காலுன்னா மெத்த போடுறீக."

முதலாளி எங்கள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன். மூன்று வருஷமாகச் சொல்லத் தைரியமில்லாமல் நான் வைத்திருந்ததை அவள் ரெண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டாள்.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார் முதலாளி.

"மொத நாளே லீவு கேக்காதன்னு சொன்னீகளாம்."

"அது... மச்சான் சொன்னாரு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தையல்காரர் விசயத்துல தப்புப் பண்ணிட்டேன்ப்பா. நீ பதினஞ்சு நாள் வீட்ல இரு. ஒன் எடம் எங்கயும் போகாது." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "அதுவரைக்கும் மச்சுக்கு நீ வாம்மா. அந்தச் சிந்தடிக்க மட்டும் கொஞ்சம் விட்டுரு!"

பதினைந்து நாள் கழித்து, கணீரென்ற குரலோடு வேலைக்குப் போனேன். பதினாலு படியும் ஏறி உட்கார்ந்தேன். பின்னாலேயே முதலாளி மூச்சு வாங்க ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். முகத்தை மட்டும்.

"தொண்ட எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு மொதலாளி" என்றேன், வாய் நிறைய.

அன்றைக்கு உண்மையிலேயே காலில் உயிர் போகிற வலி. இத்தனை நாள் நீட்டியே வைத்திருந்துவிட்டுத் திடீரென்று படி ஏறினால் சும்மா விடுமா? நான் மூச்சு விடவில்லை.

இவ்வளவு பாடுபட்டு மேலே ஏற்றிய பார்வையை மறுபடி கீழே இறக்குவானேன்?