மாப்பிள்ளை இறங்கிப் போன கார்

தனக்குச் சூட்டிய பூவைப் பார்த்து ஒரு கார் பயப்படுமா?

பயப்படும். போன வாரம் கிள்ளானில் என் கண்ணால் பார்த்தேன். பயந்தது என்னுடைய கார்.

என் மனைவி கமலத்தின் தம்பி குணா. கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப் போக என் காரைக் கேட்டிருந்தார். வாங்கிச் சில மாதங்களே ஆன எலெக்ட்ரிக் செடான். நீளம், கறுப்பு, பளபளப்பு. ஓடும்போது சத்தமே வராது.

நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை காருக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? சொந்தத்தில் யாருடைய கார் பெரிதோ, அதைத்தான் கேட்பார்கள். இதைப் போட்டி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்... ஆனால் கார் கேட்கப்படாத மனிதர், அந்தக் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்பார். நானும் எத்தனையோ கல்யாணங்களில் உப்பைப் பற்றிப் பேசியவன்தான்.

காலையிலேயே பூக்காரப் பெண் வந்து காரை அலங்கரித்தார். பானெட் மேல் ரோஜா மாலை, குறுக்கே பட்டு ரிப்பன், முன் பம்பரில் இரண்டு பெரிய பூச்செண்டுகள். நான் பட்டு வேட்டியோடு ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் குணா. பின் சீட்டில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, அவர் பக்கத்தில் தோழன். நாதஸ்வரம் ஆரம்பித்தது. நான் மெல்ல அழுத்தினேன்.

கார் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு 'டீ... டீ... டீ...' என்று அலறியது. டிவி மாதிரி இருக்கும் அதன் திரை முழுக்கச் சிவப்பு. அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அத்தான், பிரேக் போட்டுட்டீங்க?"

"நான் போடல குணா. காரே போட்டுக்கிச்சு."

"ஏன்?"

"முன்னால ஏதோ இடிக்கப் போவுதாம்."

"முன்னால நாதஸ்வரக்காரருதான் நிக்கிறாரு. அவரும் அந்தாண்ட தள்ளித்தான் நிக்கிறாரு!"

பாவம், நாதஸ்வரக்காரர் இன்னும் தள்ளி நின்றார். மறுபடி அழுத்தினேன். மறுபடி அலறல், மறுபடி பிரேக். இந்த முறை மாப்பிள்ளையின் தலைப்பாகை முன் சீட்டுக்கு வந்தது. தோழன் அதை எடுத்து மாட்டிவிட்டான்.

"மாமா, இது கல்யாணம் வேணாம்னு சொல்லுதா?" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மாதிரி கார்களுக்கு முன் பம்பரில்தான் சென்சார்கள் இருக்கின்றன. பூச்செண்டுகள் சரியாக அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தன. பூவைப் பூ என்று அதற்குத் தெரியவில்லை. எதிரே சுவர் இருக்கிறது, இந்தக் கிழவன் அதில் மோதப் போகிறான் என்று நினைத்துக்கொண்டது.

"பூவ எடுத்துட்டாப் போதும், ஓடிரும்" என்று இறங்கினேன்.

குணாவின் மனைவி ஓடி வந்தார். "என்னண்ணே சொல்றீங்க! மாப்பிள்ளை கார்ல கட்டுன பூவ, முகூர்த்தத்துக்கு முன்னாடி நடுரோட்டுல பிய்க்கிறதா? நல்லாவா இருக்கும்?"

பூவை எடுக்கக் கூடாது. பூ இருந்தால் கார் போகாது. முகூர்த்தமோ நெருங்குகிறது. பின்னால் ஒரு லோரிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். கல்லூரியில் அத்தனை காலம் பிசிக்ஸ் நடத்தியவன் நான்... எந்த விதியும் உதவிக்கு வரவில்லை.

உதவிக்கு வந்தது ஒரு சின்னக் கார். வெளிர்ப் பச்சை நிறம், தவளை மாதிரி உருண்டை உடம்பு. அதுவும் எலெக்ட்ரிக்தான். ஓட்டி வந்தவள் ஷர்மிளா. காப்பாரில் என் மனைவியின் அக்கா ராஜம் இருக்கிறாரே, அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண். செலாயாங்கில் நர்ஸ் வேலை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள்:

"மாப்பிள்ளை, ஏறுறீங்களா? என் கார்ல பூவும் இல்ல, பயமும் இல்ல லா!"

மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டார். தோழன் ஏறினான். குணாவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நாதஸ்வரக்காரர் ஒரு கணம் எந்தக் காருக்கு முன்னால் நடப்பது என்று தயங்கினார்... தவளைக்கு முன்னால் நடந்தார்.

அவர்கள் போன பிறகு பூச்செண்டுகளைக் கழற்றினேன். கமலம் பெண்களோடு முன்பே மண்டபத்துக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் பூச்செண்டுகளை உட்கார வைத்துக்கொண்டு, நான் தனியாகப் போனேன். வாசலில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பூவ மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

இதுவரை சிரித்திருப்பீர்கள். இனிமேல் நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. இந்தக் கார் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கமலம் நன்றாகக் கார் ஓட்டுவாள். என்னைவிட நன்றாக. அவளிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. சின்னது. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து வியாழக்கிழமைதோறும் அதை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போவாள். ராஜம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலது கை விளங்கவில்லை. பேச்சும் அரைகுறை. கமலம் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்து, சீவிப் பின்னி, சோறு ஊட்டி, சாயந்தரம் வரை பேசிக்கொண்டிருப்பாள். அக்கா சொல்லும் பாதி வார்த்தையை முழு வார்த்தையாக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கார் ஓய்ந்துபோனது. இனி எலெக்ட்ரிக் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ஷர்மிளா ஓட்டுகிறாளே, அதே சின்ன மாடல் ஒன்று, இந்த செடான் ஒன்று, இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம்.

நேர்மையாக ஒப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும்? சின்னக் காரில் சீட் உயரம். முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்து எழலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துகளில் ஒரே வெட்டில் திரும்பும். எங்கள் கார்பார்க்கில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே நின்றாலும் இரு பக்கமும் கதவு திறக்கும். குறையா? சாமான் வைக்க இடம் கம்மி. மற்றபடி... பார்க்கிறவர்கள் எழுந்து நிற்க மாட்டார்கள்.

செடான்? வேகம் பிரமாதம். மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. நம் ஊர் வெயிலில் மண்டை வேகும், அது வேறு விஷயம். சீட்டோ தரையோடு தரையாக. இறங்குவதற்கு ஆள் பிடித்து இழுக்க வேண்டும். கார்பார்க்கில் நிறுத்தினால் ஓட்டுநர் பக்கம் தூண் இடிக்கிறது. நான் பக்கத்து சீட்டுக்குத் தவழ்ந்து போய் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வருகிறேன். இந்த வயதில்!

கமலம் சின்னக் காரிலிருந்து இறங்கியதும் சொன்னாள், "எனக்கு இது போதுங்க. என் கைக்கு அடங்குது."

எனக்குப் போதவில்லை. குணாவின் மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று என்று அப்போதே காதில் விழுந்திருந்தது.

அதனால் நான் ஒன்று செய்தேன். சோபாவில் அவளை உட்கார வைத்து லெக்சர் கொடுத்தேன். "ஹைவேல வேகம் கூடினா காத்தோட எதிர்ப்பு அதைவிட வேகமாக் கூடும். வண்டியக் குளுகுளுன்னு வைக்க ஏர்கோன் வேற. சின்ன பேட்டரி தாங்காது கமலம். காப்பார் போயிடுவே. திரும்பி வர்றப்ப ஷா ஆலாம் பக்கத்துல நின்னுடும். ரோட்டோரத்துல நீ தனியா என்ன பண்ணுவே?"

காற்று எதிர்ப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஏர்கோன் பற்றிச் சொன்னதும் சரி. நின்றுவிடும் என்றது மட்டும் பொய். போய்த் திரும்பிய பிறகும் அந்த பேட்டரியில் நிறையவே மிச்சம் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

அவள் நம்பினாள். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "அவரு கணக்குப் போட்டுப் பாத்துட்டாருக்கா. அவருக்குத் தெரியாததா?" என்று சொன்னாள். பக்கத்து அறையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பரீட்சையில் காப்பியடித்து முதல் வகுப்பு வாங்கியவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆனாலும் மறுநாள் போய் செடானுக்குக் கையெழுத்துப் போட்டேன். பழைய காரையும் அங்கேயே கொடுத்துவிட்டோம்.

கமலம் செடானைக் கார்பார்க்கில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். நாலு பக்கமும் அது கத்த, இறங்கிவிட்டாள். "இது கார் இல்லீங்க, கப்பல். எனக்கு வராது."

அன்றோடு வியாழக்கிழமைகள் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமை நான் அழைத்துப் போவேன், எனக்குத் தோன்றினால். போனாலும் வாசலில் நின்றுகொண்டு, "ஜாம் ஆயிடும், கிளம்பு" என்பேன். பாதிப் பின்னலோடு அக்காவை விட்டு அவள் எழுந்து வந்த நாளும் உண்டு.

சரி... மண்டபத்துக்குத் திரும்புவோம். தாலி கட்டி முடிந்து, பந்தியில் உட்கார்ந்தோம். கமலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஷர்மிளா. மாப்பிள்ளையைக் காப்பாற்றிய பெண் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சின்னக் காரா இருந்தாலும் சமயத்துக்கு உதவிச்சேம்மா" என்றாள் கமலம். "ஆனா தூரம் போவாதுல்ல? காப்பார்லருந்து வேலைக்கு எப்படிப் போறே? பஸ்ஸா?"

"பஸ்ஸா? இதுலதான் ஆன்டி. டெய்லி காப்பார் டு செலாயாங், போய்ட்டு வரேன். கிட்டத்தட்ட உங்க வீட்டுக்கு வர்ற தூரம்."

"நடுவுல எங்க சார்ஜ் போடுவே?"

"நடுவுலயா?" ஷர்மிளா சிரித்தாள். "வீட்டுக்கு வந்து போடுவேன் ஆன்டி. அதுவும் டெய்லி இல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள். சோம்பலா இருந்தா அதுவும் இல்ல லா."

கமலத்தின் கை இலையில் நின்றது.

ஷர்மிளா நிறுத்தவில்லை. "நீங்கதான் வர்றதே இல்ல. வியாழக்கிழமையானா ராஜம் ஆன்டி கேட்டையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. சமாதானத்துக்கு இன்னிக்கு வியாழன் இல்லன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க. நான் தலை சீவி விட்டேன், சீப்பைத் தள்ளி விட்டுட்டாங்க. உங்களுக்குன்னு வச்சிருக்காங்க போல."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

கமலம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். மாடல் வேறு, பேட்டரி வேறு, அது புது டெக்னாலஜி... அவள் மறுபடியும் நம்பியிருப்பாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"தெரியும்" என்றேன்.

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே."

அவள் இலையை மடித்தாள். கை கழுவி வந்து ஷர்மிளாவிடம் கையை நீட்டினாள். "சாவியக் குடும்மா. நான் ஓட்டுறேன். அக்காவப் பாத்துட்டு வந்துடலாம்."

பின்னாலேயே கார்பார்க் வரை போனேன். கமலம் பட்டுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காருவது மாதிரி. சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். எல்லாம் நேற்றுவரை ஓட்டியவள் போல. ஷர்மிளா பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அந்தக் கப்பல வித்துடுங்க" என்றாள்.

"சரி" என்றேன். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. அந்த அக்காவிடம் நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

"கமலம்... நானும் வரட்டுமா?"

"இடமில்லீங்க."

சொல்லிவிட்டு, என் செடானுக்கும் தூணுக்கும் இடையே இருந்த சந்து வழியாக, ஒரு முறைகூடப் பின்னால் எடுக்காமல், காரை வெளியே கொண்டுபோனாள்.

அந்தச் சின்னக் காரின் பின் சீட் முழுக்கக் காலியாக இருந்தது.