ஒரு பொட்டு வெயில் வராத கீழ்வீடு

திருச்சியில் எங்கள் கீழ்வீடு நாலு மாதமாகக் காலியாக இருக்கிறது. கேட்டு வருகிறவர்களை எல்லாம் நான்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன், என் கல்லூரித் தோழி சுமதிக்காக. அவள் கணவர் டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருக்கிறார், வருகிற ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். "ரிட்டயர் ஆனதும் உன் கீழ்வீட்டுக்கு வந்துடறேண்டி" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள், தீபாவளிக்குப் பிறகு "பாக்கலாம்" என்று இழுக்க ஆரம்பித்துவிட்டாள். வருகிறாளா, இல்லையா? போனில் இவளிடம் பிடி கிடைக்காது என்று பொங்கல் முடிந்த கையோடு ரயில் ஏறினேன்.

சென்னையில் இரவு பத்து மணிக்குக் கிளம்பிய ரயில் மூன்றாம் நாள் விடிகாலையில் போய்ச் சேர வேண்டும். ஆக்ராவுக்கு அப்புறம் மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டினாற்போல் ஒன்றுமே தெரியவில்லை. புதுடெல்லியில் இறங்கியபோது மதியம் ஒன்று. மெட்ரோவில் ராஜீவ் சௌக்கில் மாறினால் ஒரு மணி நேரத்தில் சுமதி இருக்கும் துவாரகா, அறுபது ரூபாய்க்குள்தான். அங்கே ஏறிய ஆட்டோக்காரர் விலாசத்தைக் கேட்பதற்கு முன்னால் என் செருப்புக் காலைப் பார்த்தார். "மாஜி, ஜுராப் நஹி ஹை?" என்றார். காலுறையைச் சொல்கிறார் என்று புரிய வெகுநேரம் ஆனது. அதற்குள் கால் மரத்துவிட்டது.

அன்று சாயங்காலமே கீழ்வீட்டுப் படங்களைப் போனில் காட்டினேன். "பாரு, ஒரு பொட்டு வெயில் உள்ள வராது. கிழக்கால வேப்பமரம், மேற்கால பக்கத்து வீட்டுச் சுவர். மே மாசத்துலகூட ஜில்லுன்னு இருக்கும்!" திருச்சியில் இதை யாரிடம் சொன்னாலும் உடனே அட்வான்ஸை நீட்டுவார்கள். சுமதி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விட்டாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ராத்திரி ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வைக்குள் யோசித்து யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு வெயில் வந்தது. அடுக்ககத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு நாற்காலியோடு கீழே பூங்காவில் இறங்கிவிட்டார்கள். வேர்க்கடலை, ஆரஞ்சு, உப்புத் தொட்ட முள்ளங்கி, கம்பளி நூல்கண்டு. கல்லூரியில் ஒரு பட்டன் தைக்கத் தெரியாத சுமதி ஸ்வெட்டர் பின்னுகிறாள்! காபியெல்லாம் சூட்டு ஊருக்குத்தானாம், குளிருக்கு இஞ்சி டீதான் என்று என்னிடமே வாதம். "இந்தப் புகையில மனுஷன் இருப்பானாடி?" என்று டெல்லியை ஒரு பாட்டம் திட்டினாள். அடுத்த மூச்சிலேயே, அடுத்த குளிருக்கு எத்தனை தொட்டி சாமந்தி வைக்கலாம் என்று பக்கத்துப் பெண்ணிடம் கணக்குப் போட்டாள். எனக்குத் தலை சுற்றியது. என் நாற்காலியை வழக்கம்போல மர நிழலுக்கு நகர்த்தினேன். "அரே, அங்க ஏண்டி போற? வெயில்ல வா" என்று இழுத்துப் போட்டாள். நான் நிழலுக்கு, அவள் வெயிலுக்கு. அன்று முழுக்க இதே கூத்து.

அடுத்த இரண்டு நாள் சூரியனே இல்லை. சுமதி பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்ப்பதும், திரும்பி வந்து ரஜாயில் சுருண்டுகொள்வதுமாக இருந்தாள். நான் கிளம்பும் நாளன்று மதியம் லேசாக வெளுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "ஜல்தி வா, ஜல்தி!" என்று நாற்காலியோடு ஓடினாள். கண்ணை மூடி முகத்தை மேலே காட்டி உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"வரியா, இல்லையா? சொல்லிடு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." வருத்தமில்லை என்றது சுத்தப் பொய்.

"ஒரு பொட்டு வெயில் வராதுன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னியே, எனக்கு பயமாயிடுச்சு. நான் அங்க எங்கடி உக்காருவேன்?"

"திருச்சியிலயா? வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயில் மட்டுமாடி? பிள்ளைங்க காலேஜ் போனது, எனக்கு ஆபரேஷன் ஆனது, எல்லாம் இந்த நாற்காலியில உக்காந்துதான் இவங்ககிட்ட பேசினேன். அங்க எல்லாரும் வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திட்டு உள்ள இருப்பீங்க."

அன்று நான் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தவில்லை.

ஜனவரியில் டெல்லி போகிறவர்களுக்கு: காலுறை இல்லாமல் இறங்காதீர்கள். ரயில் போய்ச் சேரும் நாளில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். யாராவது வெயிலில் நாற்காலி போட்டால் பேசாமல் உட்காருங்கள். முக்கியமாக, நம் ஊர் வீட்டில் வெயில் வராது என்று அங்கே பெருமையடிக்காதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை மொட்டைமாடிக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்தேன். "டெல்லிப் பனி மண்டைக்கு ஏறிடுச்சா?" என்றார் என் கணவர். துணி காயப்போட வந்த எதிர்மாடிப் பெண்ணும் பயந்துபோய், "உடம்புக்கு ஏதாச்சுமாக்கா?" என்று கேட்டாள். கேட்டவள் அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனாள். இத்தனை வருஷத்தில் அன்றுதான் இவ்வளவு பேசினோம். நாற்காலியைப் படம் பிடித்து சுமதிக்கு அனுப்பினேன்.

மாலையில்தான் பதில் வந்தது: "அச்சா. என் நாற்காலி எங்க?"