பஸ்ஸில் போன கொத்சு

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு, "சித்தி, அம்மா வெக்கிற கொத்சப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க" என்று அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுகிறேன். நாலு வரியில் முடியாது. படித்துவிட்டு யாருக்காவது முகம் சுண்டிப்போனால் போகட்டும். எனக்கும் எண்பதை நெருங்குகிறது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மூத்த பெண்ணாகப் பிறந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அறுபதுகளின் நடுவில், பத்தொன்பது வயதில், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டார். போன முதல் வாரம் ஒரு மிளகு ரசமும் கீரை மசியலும் வைத்தார். அவருடைய கணவர், எங்கள் மாமா, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, "இந்த மாதிரி ரசம் நம்ம வூட்ல சாப்ட்டதே இல்ல" என்று தம் தாயாரின் எதிரிலேயே சொல்லிவிட்டார். அக்கா செய்த குற்றம் அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் மாமாவே அக்காவைப் பஸ்ஸில் அழைத்துவந்து எங்கள் வீட்டில் விட்டார். "கொத்சு வெக்கத் தெரியலையாம். கத்துக்கிட்டு வரட்டும்னு அம்மா சொல்றாங்க" என்றார். கத்திரிக்காயைச் சுட்டு மசித்துப் புளிவிட்டுக் கொதிக்கவைக்கிற கொத்சு, சிதம்பரத்துக்காரர்களுக்கு உசத்திதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவார்களா? மாமா, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். அன்று காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

பிறகு பரீட்சை தொடங்கியது. ஞாயிறுதோறும் அக்கா கொத்சு வைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். சிதம்பரத்தில் மாமியார் ருசி பார்த்துச் சொல்லும் தீர்ப்பு, மாமனார் கையெழுத்தில் கார்டாக வரும். 'புளி ஜாஸ்தி.' 'காய் மசியவில்லை.' 'எண்ணெய் மிதக்கிறது.' கார்டைத் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். "இந்த வாரமும் தேறலியாம்மா?" என்று வாசலில் நின்று அவர் கேட்பது தெருவுக்கே கேட்கும். நாலு மாதம் இப்படி. அக்கா அடுப்படியை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அப்பா சிதம்பரம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். மாமியார் தம் கையால் வைத்த கொத்சை ஒரு சட்டி நிறையக் கொடுத்து, "கொத்சுன்னா என்னன்னு ஒங்க பொண்ணு தெரிஞ்சிக்கட்டும்" என்று அனுப்பினார். மறுநாள் அக்கா குளிக்கப் போன நேரத்தில், அக்கா வைத்ததை எடுத்து மறைத்துவிட்டு, மாமியாருடைய கொத்சைச் சுடவைத்து, அதே தூக்கில் ஊற்றி, அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

புதன்கிழமை கார்டு வந்தது. 'உப்பு மட்டு. வாயில் வைக்க முடியவில்லை. இன்னும் கைப்பக்குவம் வரவில்லை.'

கார்டை அப்பாவிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன். "பாருங்கப்பா! அவுங்க வெச்சதையே அவுங்களுக்குப் புடிக்கலியாம். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே அனுப்பாதீங்க" என்றேன். அப்பா கார்டைச் சுக்குநூறாகக் கிழித்தார். "வாய மூடுடி. ஒனக்கும் மாப்ள பாக்கணும். அவகிட்ட ஒரு வார்த்த சொன்னன்னா பாத்துக்கோ" என்றார். மறுவாரமே மறுபடி போய் யார் காலில் விழுந்தாரோ, திரும்பி வந்து அக்காவிடம், "தேறிட்டம்மா. வரச் சொல்லிட்டாங்க" என்றார். அக்கா சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஐம்பது வருடங்களுக்கு மேல் அந்த வீட்டில் சமைத்தார். மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். அதே மாமியார் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி கரைத்து ஊட்டினார். யார் சாப்பிட உட்கார்ந்தாலும் பக்கத்திலேயே நின்று, "புளி ஜாஸ்தியா? உப்பு சரியா இருக்கா? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதை அவருடைய அடக்கம் என்று இந்த மலரில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அடக்கமாம்! பயம் அய்யா அது. தமக்குச் சமைக்கத் தெரியாது என்றே கடைசிவரை நம்பினார். நீங்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

கடைசி நாட்களில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மகளுக்கும், கடலூர் ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட நர்ஸ் அம்மாவுக்கும், பதினாறாம் நாள் வரை கூடவே இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தூக்கைக் கொண்டுபோன அந்தக் கண்டக்டர் இருந்தால் அவருக்கும் நன்றி.

எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது, அந்தக் கார்டு விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனேடி" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.