முள் என்றுதான் நினைத்தோம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது.

நாங்கள் இருப்பது புக்கிட் செந்தோசாவில். எனக்கும் கணவருக்கும் ரவாங்கில் தொழிற்சாலை வேலை. அவர் பிறந்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு முந்தின வாரம், வெளியே போய்விட்ட குடும்பங்களெல்லாம் வந்து கோத்தோங் ரோயோங் என்று எல்லாரும் கூடி வேலை செய்து, கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவது வழக்கம். அன்றைக்கு அதற்குத்தான் போயிருந்தோம். கார் ஓட்டி வந்தது என் கொழுந்தன்.

பந்தலுக்கு மூங்கில் வெட்டி வருகிறேன் என்று என் கணவர் செம்பனைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் வெடிச்சத்தம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இளம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடுவதால், லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர்களை நிர்வாகம் வரவழைப்பது அங்கே சாதாரணம். அவர் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க மண். வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டைகள் மேல் மல்லாக்க விழுந்தாராம். முதுகில் முள் ஏறிவிட்டது என்றார்.

தோட்டத்து ஆட்களுக்குச் செம்பனை முள் ஒரு விஷயமே இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வலது தோள்பட்டைக்குக் கீழே கடலைப்பருப்பு அளவில் ஒரு துளை, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். ஊக்கால் நெம்பித் தேடினேன். முள் அகப்படவில்லை. "உள்ளுக்கு உடைஞ்சிருக்கும் அண்ணி. ரெண்டு நாள்ல சீழ் வச்சு தானா வந்துரும்" என்று கொழுந்தன் தீர்ப்புச் சொன்னார். மஞ்சளை அப்பிவிட்டு நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வேலை முடிந்து, டவுனில் ஒரு முஸ்லிம் கடையில் பசியாற உட்கார்ந்தோம். மூன்று ரொட்டி சானாய் உள்ளே தள்ளுகிற மனிதர், ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு குட்டிகுட்டியாக வந்தது. "வாயு புடிச்சிருக்கும்லா. என்னைக்காவது விளக்குமாத்தத் தொட்டிருந்தாதானே உடம்பு வளையும்" என்று கிண்டலடித்து, அவருக்கு ஓர் இஞ்சி டீ சொன்னேன்.

டீ வந்தது. அவர் வாயருகே கொண்டுபோகும்போது, அடுத்த மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து அந்தக் கிளாசை வாங்கித் தள்ளி வைத்தார். என் வயதுதான் இருக்கும். ஜீன்ஸ், டீ சட்டை. எனக்கு வந்த கோபத்துக்கு நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவர், "நான் டாக்டர்க்கா. அண்ணனோட முதுகப் பாக்கலாமா?" என்றார்.

சட்டையில் இருந்த ஓட்டையையே அவர் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முள் குத்தினால் நூல் விலகும், மறுபடி சேர்ந்துகொள்ளும். இதில் துணி வட்டமாகப் பிய்ந்து காணாமலே போயிருந்தது. துளையைச் சுற்றித் தோலிலும் ஒரு சிராய்ப்பு வளையம். நான் ஊக்கால் நெம்பியும் அது அழியாமல் இருந்தது. இதெல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணே, நல்லா யோசிச்சு சொல்லுங்க. விழுந்ததுக்கு அப்புறம் குத்துச்சா, குத்தினதுக்கு அப்புறம் விழுந்தீங்களா?"

அவர் யோசித்தார். "யாரோ முதுகுல அடிச்ச மாரி இருந்துச்சு டாக்டர். அப்புறம்தான் விழுந்தேன்."

"அப்ப அங்க யாராச்சும் சுட்டாங்களா?"

வெடிச்சத்தம் கேட்டதை நான்தான் சொன்னேன். டாக்டர் அவருடைய முதுகில் இரண்டு பக்கமும் விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் நன்றாகச் சத்தம் வந்தது, காயம்பட்ட பக்கம் மொத்தென்று கேட்டது. "இது முள்ளு இல்லக்கா. துப்பாக்கி ரவை. நெஞ்சுக்குள்ள ரத்தம் சேருது. ஆபரேஷன் செய்ய வேண்டி வரும், வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம், கிளம்புங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம்தான். அவருடைய சட்டையைக் கழற்றிய டாக்டர், அதை எறியவிடாமல், கல்லாவில் இருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டும் தாளை வாங்கிப் பத்திரமாக மடித்து என் கையில் கொடுத்தார். "துவைச்சிடாதீங்க, போலீஸ் கேக்கும்" என்றார். உயிர் போகிற நேரத்தில் சட்டை ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரைப் படுக்க விடாமல் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, ஒரு கையால் நாடியைப் பிடித்தபடி, மறு கையில் போனை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு மலாயில் கடகடவென்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, ரோடெல்லாம் சுற்றுலா வந்தவர்களின் கார். நகரவே வழியில்லை. கடைக்காரர் ஏப்ரனோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, "என் பின்னாடியே வாங்க தம்பி" என்று ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் முன்னால் போனார். ஒரு பஸ்ஸை அவர் கையைக் காட்டி நிறுத்தியதை இன்றைக்கும் கொழுந்தன் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு யாருக்குச் சிரிப்பு வந்தது? நான் அம்மா தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போகிற வழியில் ஏதாவது பேச்சு ஓடினால் கணவர் கண்ணயராமல் இருப்பார் என்று, டாக்டரைப் பார்த்து, "நீங்க எந்த வார்டு டாக்டர்?" என்று நானே கேட்டுவைத்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"பொணவறைக்கா. நான் போஸ்ட்மார்ட்டம் டாக்டர்."

என் கணவர் கண்ணைத் திறந்து, "அப்ப நான் செத்துட்டேனா?" என்றார்.

"என்கிட்ட வரக்கூடாதுன்னுதான் இந்த ஓட்டம் ஓடுறோம்ணே. மூச்சு விடுங்க."

அவசரப் பிரிவில் எல்லாம் தயாராக இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் போட்டதும் ரத்தம் பாட்டிலில் கொட்டியதாம். பெரிய மருத்துவமனைக்கு மாற்றி ஆபரேஷன் செய்யும்வரை அந்த டாக்டர் போகவே இல்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சொன்னார்: ஒரு தோட்டாவுக்குள் பல ரவைகள் இருக்கும், போகப் போகப் பரவும், பன்றிக்கு வைத்த குறியில் ஒன்று மட்டும் விலகி இவர்மேல் பட்டிருக்கும். "படத்துல சுட்டவுடனே விழுந்து செத்துருவாங்க. நெஜத்துல நெறைய பேரு நடப்பாங்க, பேசுவாங்க, பசிக்குதுன்னுகூட சொல்லுவாங்க. வெளிய ரத்தமே தெரியாது, எல்லாம் உள்ளுக்கே கொட்டும். நான் நெஞ்சைத் தொறந்து பாக்கும்போதுதான் தெரியும், கொஞ்சம் முன்ன வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு. யார்கிட்ட போய் சொல்றது?"

விஷயம் காதில் விழுந்ததும் சுட்டவர் தானாகவே போலீசில் போய்ச் சொன்னார். ஓர் ஆள்மேல் பட்டதே அதுவரை தெரியாமல் இருந்த அந்த மனிதர் வார்டில் வந்து அழுதார். சட்டையும் எக்ஸ்ரேயும் தூரத்திலிருந்து வந்த ரவை என்று காட்டியதால், இது விபத்துதான் என்று முடிந்தது. தாளில் மடித்த சட்டைக்காக நான் முணுமுணுத்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கணவர் எழுந்து உட்கார்ந்த அன்று டாக்டர் பார்க்க வந்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க இல்லைன்னா நான் இல்ல டாக்டர்" என்றார். டாக்டர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கிக் காயத்தோடு தன்னிடம் வந்த ஆட்களில், தன்னோடு பேசிய முதல் ஆள் இவர்தான் என்று அப்புறம் சொன்னார்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்க. நேரத்துக்கு வந்து சேராத எத்தனையோ பேர்தான் எனக்கு இதச் சொல்லிக் கொடுத்தாங்க" என்றும் சொன்னார். அன்றிலிருந்து விளக்கேற்றும்போதெல்லாம், பெயரோ முகமோ தெரியாத அந்த மனிதர்களுக்காகவும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர்கள் பிழைக்கவில்லை, ஆனால் என் வீட்டுக்காரரைப் பிழைக்க வைத்துவிட்டுப் போனார்கள்.