திருவள்ளூரில் கால் கிலோ பீபெரி

காலை 7.15, கும்மிடிப்பூண்டி பஸ் நிலையம். வாரத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரே லீவு செவ்வாய்க்கிழமை. அதையும் காப்பிக்கொட்டைக்காக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் பயணத்துக்குத் தாரை வார்த்துவிட்டு நின்றேன். நாக்கு ருசிக்காக இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலில் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு முகரும் சக்தியே போய்விட்டது. போன வாரம் கேஸ் கசிந்து வீடே நாறியபோது, அது தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ஓடிப்போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினேன். காப்பித்தூள், கிராம்பு என்று தினமும் முகர்ந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். தெருக்கடைப் பாக்கெட் தூளை ஒரு வாரம் முகர்ந்தவள், "ஒண்ணும் தெர்ல" என்று டப்பாவை மூடிவிட்டாள்.

ரயில் ஏறிச் சென்னைக்குப் போயிருக்கலாம். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்யும் நண்பர், திருவள்ளூர்க் காப்பிக்கொட்டைக் கடை ஒன்றைச் சொல்லி, வாசனைக்கு அதுதான் என்று சத்தியமே செய்தார். நம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் பெரியபாளையம் கோயில் கூட்டம். ஓர் அம்மா பொங்கல் பானையை என் மடியில் வைத்து, "கொஞ்சம் புட்ச்சிக்கபா" என்றார். இறங்கும் வரை அதற்கு நான்தான் காவல். பெரியபாளையத்தில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

10.20, திருவள்ளூர். கடைக்காரர் கேள்வியாலேயே என்னை மடக்கினார்.

"இன்னா வோணும்? பீபெரியா, ப்ளாண்டேஷனா, ரொபஸ்டாவா? சிக்கரி எவ்ளோ?"

"வாசன நல்லா வர்றது குடுங்க."

"எல்லாந்தான் சார் வரும். உங்க மூக்குக்கு எது?"

"என் மூக்குக்கு இல்லீங்க, ஊட்டுக்காரம்மா மூக்குக்கு."

சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்று காலையில் வறுத்த பீபெரியை அள்ளினார். பழத்துக்குள் இரண்டாகப் பிளக்காமல் ஒற்றையாக உருண்ட கொட்டையாம் அது. சிக்கரி கலந்தால் வாசனை மட்டுப்படும், வேண்டாம் என்றார். கால் கிலோ 260 ரூபாய். அரைக்கக் கேட்டபோதுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மெஷின் பெல்ட்டு அறுந்துக்கினு கீது சார். வேற எங்கனா அரைச்சிக்கோங்க. மிக்ஸில மட்டும் போடாதீங்க, சூடாயி வாசன பூடும். ரவையவிட ஒரு சுத்து நைஸா இருக்கணும். மாவாக்கிட்டா பில்டர்ல எறங்காது."

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

12.40, மறுபடி பெரியபாளையம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாவு மில். சொல்ல வேண்டியதை இரண்டு தடவை சொன்னேன்: காப்பிக்கொட்டை, வேறு வாசனை ஒட்டவே கூடாது, ரவையைவிட ஒரு சுற்று நைஸ். மில்கார அக்கா தலையாட்டினார். பக்கத்துக் கடையில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அரைத்து வைத்திருந்தார். பதம் அருமை. முகர்ந்தேன். தனியா வாசனை!

"இன்னாக்கா இது?"

"முந்தி மொளகா அரைச்சேன்ணா. காப்பில காரம் ஒட்டக் கூடாதுன்னு ஒரு புடி தனியா போட்டு ஓட்டி, மெஷின சுத்தம் பண்ணி உட்டுட்டேன்."

"தனியா வாசன ஒட்டிக்கிச்சே!"

"அத்தால இன்னாணா? சுக்கு காப்பிக்குத் தனியா போட்றதில்ல?"

கொண்டுபோன டப்பாவில் தூளை அடைத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு நல்ல எண்ணம்; அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. பஸ் வரும் வரை நண்பரையும் அந்த பெல்ட்டையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தேன்.

3.10, வீடு. மில் கதையைச் சொல்ல மனம் வரவில்லை. டப்பாவை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். நம்பிக்கை இல்லாமல், கடமைக்குக் கண்ணை மூடி முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தாள்.

"இன்னாயா இது, காப்பித்தூளா கொயம்புத்தூளா? தனியா வாட அடிக்குது! அம்பது கிலோமீட்டர் போயி இத்தான் வாங்கியாந்தியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"இன்னா வாட அடிக்குது? இன்னொரு தபா சொல்லு" என்றேன்.

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்தாள்.