வெள்ளிக்கிழமை மீன்

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கடலோரக் கோயில் ஒன்றின் உபதேசியார். உப்புக்காற்றில் வெளுத்த தாடி. புது வர்ணம் பூசிய அந்தோணியார் சுரூபம் மடியில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதன் தலையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எங்க கோயில் கோபுரத்தப் பாத்தீங்களா? வெள்ளைக்காரச் சாமியாருங்க கட்டினது" என்று அளந்தேன்.

"பாத்தேன் தம்பி, ஜோரா இருக்கு. எங்களுது நாங்களே கட்டினது. வெள்ளிக்கிழமை நம்ம வேதக்காரங்க யாரும் கறி தொடமாட்டாங்கல்ல, மீன் மட்டும் ஆகும், அதனால மீனுக்கு நல்ல கிராக்கி. அன்னிக்குப் பிடிக்கிறது பூரா கோயிலுக்கு. ரெண்டு தடவ கடல் கொண்டுபோச்சு. திரும்பக் கட்டினோம்."

"மறுபடி கொண்டுபோனா?"

"மறுபடி வெள்ளிக்கிழமை வரும்ல."

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கோயிலில் எங்கள் வீட்டார் வைத்த செங்கல் ஒன்றுகூடக் கிடையாது. இனி வைக்கலாமென்றால், கடல் திருச்சிப் பக்கம் வரப்போவதும் இல்லை.